இவுங்க சோறு தின்னு எத்தன நாளாச்சு? – ‘கிங்டம்’ தொடரும் சேலத்துத் தாது வருஷமும்

‘கிங்டம்’ கொரியத் தொடரை நான் முதலில் பார்த்தது ஊரடங்கு சமயத்தில். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மறுபடி போட்டேன். ராசிபுரம் பக்கம் எங்க அம்மாயி வீடு. பெரிய டிவி, நல்ல சவுண்டு, அதனால ஒரு ஆசை. தொங்நே என்கிற ஊர் ஒரே ராத்திரியில் விழுகிற எபிசோடு ஓடிக்கொண்டிருந்தது. நான் சோபா நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். மாமா பையன் “ஓடு, ஓடு, கதவச் சாத்து”ன்னு டிவியைப் பார்த்துக் கத்துகிறான். அம்மாயி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நிதானமாகக் கேட்டார்:

“ஏஞ்சாமி, இவுங்கள்ளாம் சோறு தின்னு எத்தன நாளாச்சாமா?”

“அம்மாயி, அது பேய்ங்க. செத்தவங்க. கடிச்சா கடிபட்டவனும் அப்படி ஆயிடுவான்”ன்னு சொன்னேன்.

“பேயி எதுக்குக் கண்ணு இப்பிடிச் சோத்துக்கு ஓடறாப்ல ஓடுது?”

எனக்குப் பதில் இல்லை. அதற்கப்புறம் அந்த எபிசோடை ஆக்‌ஷன் எபிசோடாக என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் படித்ததையும் யோசித்ததையும் இங்கே குறித்து வைக்கிறேன். தொடரின் கதை நிறைய வெளியே வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

முதலில் எபிசோடு

கிங்டம் நெட்ஃபிளிக்ஸின் முதல் கொரிய ஒரிஜினல் தொடர். முதல் சீசன் 2019 ஜனவரி 25 அன்று வந்தது. இரண்டாவது 2020 மார்ச் 13 அன்று, அதாவது நம்ம ஊரில் ஊரடங்கு போடுவதற்குச் சரியாக பன்னிரண்டு நாள் முன்னாடி. எழுதியவர் கிம் உன்-ஹீ. ஜோசன் அரச காலத்துக் கதை. 1592-ல் தொடங்கிய ஜப்பான் படையெடுப்பு ஓய்ந்து சில வருஷம்தான் ஆகியிருக்கிறது, நாடு முழுக்கப் பஞ்சம். அரசர் இறந்துவிட்டார். அதை வெளியே சொன்னால் பட்டத்து இளவரசன் லீ சாங் ஆட்சிக்கு வந்துவிடுவான். அதனால் மந்திரி சோ ஹக்-ஜு ஒரு மூலிகையை வைத்துப் பிணத்தை எழுப்பி அரண்மனைக்குள்ளேயே கட்டிவைத்திருக்கிறார்.

வைத்தியருடன் அரண்மனைக்குப் போன ஒரு உதவியாளன் அந்த ராஜாவின் கையில் செத்துப்போகிறான். அவன் உடலைத் தெற்கே தொங்நேவில் இருக்கும் ஜியுல்ஹொன் என்ற வைத்தியசாலைக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே நோயாளிகள் பட்டினி கிடக்கிறார்கள். மருந்து இருக்கிறதோ இல்லையோ, சோறு இல்லை. யங்-ஷின் என்கிற ஆள், சனங்கள் சாவதைப் பார்க்கப் பொறுக்காமல், அந்த உடலை வெட்டிக் குழம்பு வைத்து, மான்கறி என்று சொல்லி ஊற்றிவிடுகிறான். ரொம்ப நாளைக்கப்புறம் எல்லோரும் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்ட அத்தனை பேரும் மாறிவிடுகிறார்கள். நோய் ஊருக்குள் பரவுவது இங்கிருந்துதான்.

பகலில் அவை வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில், இருட்டான சந்துகளில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் கிடக்கும். பொழுது இறங்கினால் எழும். அந்த உடல்களைச் சாதாரணப் பிணங்கள் என்று நினைத்து ஊர் அதிகாரியின் வளாகத்துக்குக் கொண்டுவந்து போடுகிறார்கள். எச்சரிக்கை செய்ய வந்தவர்களின் பேச்சு எடுபடவில்லை. சூரியன் இறங்குகிறது. அப்புறம் நடப்பதுதான் அந்த எபிசோடின் உச்சம். குறுகின சந்து, மண் சுவர், இருட்டு, கையில் தீப்பந்தம், ஓட்டம். அந்தக் கூட்டம் நடந்து வருவதில்லை, வெள்ளம் மாதிரி வருகிறது. முன்னால் ஓடுபவன் விழுந்தால் பின்னால் வருவது அவன் மேலே ஏறி ஓடுகிறது. இயக்குநர் கிம் சியோங்-ஹுன் இதை எடுத்திருக்கிற விதத்தில் மூச்சு விட நேரமில்லை.

நானும் முதல் தடவை மூச்சு விடாமல்தான் பார்த்தேன். ஆனால் இரண்டாவது தடவை அம்மாயி கேள்விக்கப்புறம் பார்த்தபோது, ஓடி வருகிறவர்களின் உடுப்புதான் கண்ணில் பட்டது. கந்தல். எல்லாரும் நோயாளிகள், ஏழைகள், முந்தா நேற்று வரை அந்த வைத்தியசாலைத் திண்ணையில் பசியோடு படுத்துக் கிடந்தவர்கள். அம்மாயி கேட்டது சரியான கேள்விதான்.

ஜாம்பி எங்கிருந்து வந்தது

இந்த உருவத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஜாம்பி’ ஹைத்தியிலிருந்து வந்த நம்பிக்கை. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்துச் செத்த மண் அது. அங்கே ஜாம்பி யாரையும் கடிக்காது. அது செத்த பிறகும் இன்னொருத்தனுக்கு வேலை செய்கிற உடம்பு, அவ்வளவுதான். அடிமைக்குச் சாவில்கூட விடுதலை கிடையாது என்கிற பயம்தான் அதன் கரு.

அது சதை தின்னும் கூட்டமாக மாறியது 1968-ல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்திலிருந்து. அதுவரை மெதுவாக நடந்துகொண்டிருந்தது, 2002-ல் ‘28 டேஸ் லேட்டர்’ வந்தபின் ஓட ஆரம்பித்தது. 2016-ல் கொரியாவிலிருந்து ‘ட்ரெயின் டு பூசான்’. அதே வருஷம் தமிழில் ஜெயம் ரவி நடித்த ‘மிருதன்’ வந்தது, நம்ம மேற்கு மாவட்டங்களில் நடக்கிற கதை. 2019-ல் யோகி பாபுவை வைத்து ‘ஜாம்பி’ என்ற பெயரிலேயே ஒரு படம்.

ஆக இந்த உருவத்துக்குள் இரண்டு பயம் இருக்கிறது. ஹைத்தியில் இருந்தது, நானும் இப்படி ஆகிவிடுவேனோ என்கிற பயம். சினிமாவில் வந்தது, இவர்கள் என் வீட்டுக்குள் வந்துவிடுவார்களோ என்கிற பயம். முதலாவது அடிமையின் பயம், இரண்டாவது வீட்டுக்காரனின் பயம்.

தமிழில் இதற்கு ‘நடைப்பிணம்’ என்று ஒரு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் நாம் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். செத்து எழுந்தவனை அப்படிச் சொல்வதில்லை. உயிரோடு இருந்தும் உள்ளே ஒன்றும் மிச்சமில்லாதவனைச் சொல்கிறோம். நம்ம நடைப்பிணம் யாரையும் துரத்தாது.

தாது வருஷம்

சேலம், நாமக்கல் பக்கம் பழைய ஆட்களிடம் ‘பஞ்சம்’ என்றால் அது தாது வருஷப் பஞ்சம்தான். தமிழ் வருஷக் கணக்கில் தாது 1876 சித்திரையில் பிறந்தது. வரலாற்றுப் புத்தகங்களில் அது 1876–78 பெரும் பஞ்சம். மழை பொய்த்தது. இந்தச் சமவெளியில் அப்போது மேட்டூர் அணை கிடையாது, அது 1934-ல்தான் முடிந்தது. கிணற்றுத் தண்ணியும் ஏரித் தண்ணியும் வானத்தை நம்பிய கம்பும் சோளமும் ராகியும்தான். காவிரிக் கரையோரம் தவிர்த்து மிச்ச இடமெல்லாம் மேட்டாங்காடு. ஒரு மழை தப்பினால் கஷ்டம், இரண்டு மழை தப்பினால் அவ்வளவுதான்.

அன்றைய சேலம் மாவட்டம் பெரியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள் அடக்கம். 1871 மக்கள்தொகைக் கணக்கில் அந்த மாவட்டத்தில் இருந்தவர்கள் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-ல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் கூடவேண்டிய எண்ணிக்கை மூணரை லட்சத்துக்கும் மேலே குறைந்திருக்கிறது. அத்தனையும் சாவு இல்லை, பிறப்பு குறைந்ததும் ஊரை விட்டுப் போனதும் இதில் சேரும். சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் நடந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போன கூட்டம் அந்த வருஷங்களில் பெருகியது. 1871-ல் இருந்த அளவை மாவட்டம் மறுபடி கிட்டத்தட்ட எட்டவே 1891 வரை ஆனது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி முழுக்க இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 55 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இதில் கவனிக்கவேண்டியது, தானியம் சுத்தமாக இல்லாமல் போகவில்லை. சென்னையிலிருந்து சேலம் வழியாக ரயில் அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. ரயில் தானியத்தைக் கொண்டுவந்தது, விலை இருக்கிற இடத்துக்குக் கொண்டும் போனது. பஞ்சத்தில் சனங்கள் சாவது உணவு இல்லாததால் மட்டுமில்லை, இருக்கிற உணவை வாங்க வழியில்லாததால் என்று அமர்த்தியா சென் 1981-ல் எழுதினார். மேட்டாங்காட்டில் கூலிக்குப் போகிறவனுக்கு மழை தப்பினால் முதலில் போவது வேலை. வேலை போனால் கூலி போச்சு. கூலி போன நேரத்தில்தான் கம்பு விலை ஏறுகிறது.

ஒரு பவுண்டு கூலி

அரசாங்கம் என்ன செய்தது? சென்னை மாகாண கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு ஆரம்பத்தில் 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார். ‘வியாபாரத்தில் தலையிடாதே’ என்று மேலே இருந்த இந்திய அரசு கண்டித்தது. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைப் பஞ்சப் பிரதிநிதியாக இங்கே அனுப்பினார்கள். இந்த மனிதரின் கதை விசித்திரமானது. மூன்று வருஷம் முன்னால், 1873–74-ல் பிகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, பெரிய சாவு இல்லாமல் காப்பாற்றியவர் இதே டெம்பிள்தான். அதற்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை. பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று வசைதான். அதனால் சென்னை மாகாணத்துக்கு வரும்போது கையை இறுக்கிக்கொண்டு வந்தார்.

நிவாரண வேலைக்கு வருகிற ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியத்துக்கான காசு, கூடக் கொஞ்சம் சில்லறை. ரோடு போட, ஏரி வெட்ட, கல் உடைக்க இந்தக் கூலி. வேலை வேண்டுமென்றால் சொந்த ஊரிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் இருக்கிற முகாமில் போய்த் தங்கவேண்டும் என்றொரு விதி. இதற்குப் பெயர் சோதனை. நிஜமாகவே பசியில் இருப்பவன்தான் இவ்வளவு கம்மிக் கூலிக்கு இவ்வளவு தூரம் வருவான், சும்மா கொடுத்தால் சனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பது வாதம். பசியில் நடக்க முடியாதவன் அந்தச் சோதனையில் தோற்றுவிடுவான் என்பது கணக்கில் வரவில்லை.

மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்துச் சண்டை போட்டார். இந்த அளவு தானியத்தில் உழைக்கிற உடம்பு நிற்காது, பருப்பும் காயும் வேண்டும் என்று மருத்துவக் கணக்கோடு எழுதினார். சில மாதம் கழித்துக் கூலி கொஞ்சம் ஏற்றப்பட்டது. அதற்குள் போன உயிர் போனதுதான். 2001-ல் மைக் டேவிஸ் தன் புத்தகத்தில் டெம்பிள் கூலியின் கலோரி மதிப்பை 1627 என்று கணக்கிட்டு, பக்கத்திலேயே 1944-ல் புகன்வால்ட் நாஜி முகாமில் கொடுத்த உணவை, 1750 என்று வைத்துக் காட்டினார்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் கடைசியில் போனது காலராவிலும் காய்ச்சலிலும்தான். பசி உடம்பைத் தயார்செய்து வைக்கும், நோய் வந்து எடுத்துக்கொள்ளும். முகாம்களில் கூட்டம் சேர்ந்தபோது காலரா பரவியது. மழை வந்தபிறகு காய்ச்சல் வந்தது. கிங்டமில் பஞ்சமும் கொள்ளைநோயும் ஒரே கதையாக வருவது கற்பனை வசதிக்காக இல்லை. நிஜத்திலும் இரண்டும் சேர்ந்தேதான் வந்தன.

பசித்தவன் ஓடுவானா?

இங்கேதான் அம்மாயி கேள்விக்குத் திரும்பி வரவேண்டும். பசித்த உடம்பு அப்படி ஓடுமா?

இதற்கு ஒரு மருத்துவச் சோதனை இருக்கிறது. 1944–45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். யுத்தத்தில் பட்டினி கிடந்த ஐரோப்பாவுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ளத்தான். அவர்களுக்குக் கிடைத்தது நாளைக்கு 1600 கலோரிக்குக் கொஞ்சம் கீழே. டெம்பிள் கூலிக்குப் பக்கத்துக் கணக்குதான். அவர்கள் கல் உடைக்கவில்லை, வாரத்துக்கு 22 மைல் நடந்தார்கள், அவ்வளவே. ஆறு மாதத்தில் உடல் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. நாடித்துடிப்பு குறைந்தது. எப்போதும் குளிர்ந்தது. சிரிப்பு போச்சு, பேச்சு குறைந்தது, யாரிடமும் ஒட்டவில்லை. நினைப்பு முழுக்கச் சாப்பாடுதான். சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள், தட்டை நக்கினார்கள். படி ஏறுவதே பெரும்பாடு.

உடம்பு தன்னைத்தானே சிக்கனம் பிடிக்கிறது. முதலில் கொழுப்பு, அப்புறம் தசை. தசை கரைந்தபின் ஓட்டம் எங்கே? பசித்தவன் ஆரம்பத்தில் அலைவான், அப்புறம் நடப்பான், அப்புறம் உட்காருவான், அப்புறம் படுத்துவிடுவான்.

தாது வருஷத்திலும் அப்படித்தான். வரலாற்று ஆய்வாளர் டேவிட் ஆர்னால்ட் சென்னை மாகாணத்தின் 1876–78 பஞ்சத்தைப் பற்றி 1984-ல் எழுதிய கட்டுரையில் இது வருகிறது. தானியக் கொள்ளை, சந்தைக் கலவரம் எல்லாம் பஞ்சத்தின் தொடக்கத்தில் நடந்தவை. விலை ஏறும்போது, உடம்பில் இன்னும் தெம்பு இருக்கும்போது. பசி முற்றமுற்ற அது அடங்கிவிடுகிறது. அன்றைக்கு ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த பஞ்சப் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்கார வைத்தும் படுக்க வைத்தும் எடுத்தவை. அதில் ஒருத்தர்கூட யாரையும் பயமுறுத்துகிற நிலையில் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியென்றால் திரையில் ஓடி வருகிற கூட்டம் எது? பசித்தவர்களின் உடம்பு அப்படி இருக்காது. வயிறு நிறைந்தவன் கதவுக்கு உள்ளே இருந்துகொண்டு பசித்த கூட்டத்தை எப்படிக் கற்பனை செய்வானோ, அந்தக் கற்பனைதான் அது. எண்ணிக்கை தெரியாது, முகம் தெரியாது, நிறுத்த முடியாது, திறந்தால் எல்லாம் போச்சு. இந்தப் பயம் கதவைச் சாத்தச் சொல்கிறது. டெம்பிளின் பத்து மைலும் ஒரு பவுண்டும் இதே பயம்தான் என்பது என் எண்ணம். கொஞ்சம் தளர்த்தினால் மொத்தக் கூட்டமும் வந்து விழுந்துவிடும் என்கிற பயம்.

கதவுக்கு வெளியே இருந்து

கிங்டம் மற்ற ஜாம்பிக் கதைகளிலிருந்து எனக்கு வித்தியாசமாகப் படுவது இந்த இடத்தில்தான். அது கதவுக்கு வெளியே நின்றும் பார்க்கிறது.

தொங்நே விழுந்த ராத்திரிக்கு மறுநாள் பகல். மருத்துவச்சி ஸோ-பி, பொழுது இறங்குவதற்குள் எல்லா உடல்களையும் எரிக்கச் சொல்கிறாள். உயர்குடிப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. பெற்றோர் கொடுத்த உடம்பைச் சிதைப்பதா, அதுவும் எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளின் உடம்பையா? ஏழைப் பிணத்துக்கு அந்தக் கேள்வி எழவில்லை. பேசிக்கொண்டே நேரம் போகிறது. கடைசியில் என்ன செய்கிறார்கள்? இருக்கிற ஒரே கப்பலில் அதிகாரிகளும் பெரிய குடும்பங்களும் ஏறிக்கொண்டு, ஊர்ச்சனத்தைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதிலும் ஒரு தாய், மகனின் பிணத்தை விட மனசில்லாமல் பெட்டிக்குள் ஒளித்து ஏற்றிக்கொள்கிறாள். கப்பலுக்குள் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

அப்புறம் சோ ஹக்-ஜு முங்யொங் மலைவழிக் கதவை மூடச் சொல்கிறார். தெற்கே இருக்கிற மொத்தச் சீமையும் அந்தப் பக்கம். இரண்டாவது சீசனில் இன்னும் பழைய கணக்கு ஒன்று வெளியே வருகிறது. போரின்போது 500 பேரை வைத்துக்கொண்டு 30,000 ஜப்பானிய வீரர்களை ஜெயித்ததாகப் பெருமைப்பட்ட வெற்றி எப்படிக் கிடைத்தது? சுமாங் என்ற ஊரில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த நோயாளிகளைக் கொன்று, மூலிகையால் எழுப்பி, எதிரி மேல் ஏவிவிட்டார்கள். கேட்க நாதியில்லாத சனங்கள்.

ஜோசன் காலத்து அரச ஆவணங்களில் காரணம் தெரியாத கொள்ளைநோயில் பல்லாயிரம் பேர் செத்த குறிப்பைப் பார்த்துத்தான் கிம் உன்-ஹீக்கு இந்தக் கதை தோன்றியது. தான் எழுத நினைத்தது பசியைப் பற்றி என்றும் அவர் சொல்லியிருக்கிறார். எங்க அம்மாயிக்கு அந்தப் பேட்டியெல்லாம் தெரியாது. வசனமும் புரியாது, நான் இடையிடையே சொன்னதுதான். இருந்தும் சரியாகப் பிடித்துவிட்டார்.

எப்படி என்று மறுநாள் காலையில் கேட்டேன். அவருடைய அப்பத்தா சொன்ன கதை ஒன்றைச் சொன்னார். அந்த அப்பத்தாவும் கண்ணால் பார்த்தவர் இல்லை, அவருக்கு அவர் மாமியார் சொன்னது.

“அந்தக் கரிப்புல எங்கூட்டுல குழி நெறையக் கம்பு கெடந்துச்சாமா. பொழுது எறங்குனா கதவத் தாழ்ப்பாப் போட்டுட்டு, வெளக்குக்கூட ஏத்தாம உள்ளுக்குள்ளயே உக்காந்துக்குவாங்களாமா. கூழு காச்சுனா வாசம் வெளிய போயிருமுன்னு பச்ச மாவத் தண்ணியில கரச்சுக் குடிப்பாங்களாமா. வெளிய கதவச் சொரண்டற சத்தம் கேக்குமாமா. தட்டக்கூடத் தெம்பில்லீல்ல, சொரண்டறதுதான்.”

“அப்புறம்?”

“அப்பறமென்ன, கொஞ்ச நாள்ல அந்தச் சத்தமும் நின்னு போச்சாமா.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் பஞ்சத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், நான் செத்தவர்கள் பக்கத்தில் நிற்கிறதாகவே நினைத்துப் படித்திருக்கிறேன். யோசித்தால், இன்றைக்கு இந்தச் சமவெளியில் காடு தோட்டத்தோடு இருக்கிற நிறையக் குடும்பங்கள் அன்றைக்குக் கதவுக்கு உள்ளே இருந்தவர்களின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். வெளியே இருந்தவர்கள் பலருக்கு வாரிசே இல்லை. இருந்தவர்களும் இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். எங்க குடும்பம் தொங்நே கப்பலில் ஏறிய குடும்பம்.

அம்மாயிக்கு ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி சாப்பிட உட்காருவதற்கு முன்னால் வாசலுக்குப் போய் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். நாய்க்குச் சோறு வைக்கத்தான் போகிறார் என்று சின்ன வயசிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அம்மாவும் அப்படித்தான் பார்ப்பாராம். எதற்கென்று கேட்டதில்லையாம்.

இன்றைக்கு

1876–78-க்குப் பிறகு 1880-ல் பஞ்ச விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது, அதிலிருந்து பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன. வேலையும் கூலியும் கொடுத்துப் பஞ்சத்தைத் தடுப்பது அரசின் கடமை என்பது சட்டத்தாளில் ஏறியது அப்போதுதான். அந்த யோசனையின் தூரத்துப் பேரன் 2005-ல் சட்டமாக வந்த நூறு நாள் வேலை. அந்தச் சட்டத்தில் தூரம் ஐந்து கிலோமீட்டர் என்று வைத்திருந்தார்கள், அதைத் தாண்டி வேலை கொடுத்தால் கூலி கூட்டிக் கொடுக்கவேண்டியிருந்தது. டெம்பிளின் பத்து மைல் விதியைத் தலைகீழாகத் திருப்பியிருந்தார்கள்.

ஆனால் பேச்சு மாறவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் காதில் விழும்: “மரத்தடியில உக்காந்துட்டுக் கூலி வாங்கறாங்க, சும்மா குடுத்துக் குடுத்துச் சோம்பேறி ஆக்கிப்புட்டாங்க, காட்டு வேலைக்கு ஆள் வரமாட்டேங்குது.” காட்டுக்காரர்களின் கஷ்டம் எனக்கும் தெரியும், ஆள் கிடைக்காத கஷ்டம் உண்மைதான். ஆனால் அந்த ‘சும்மா குடுத்து’ என்ற வார்த்தையைக் கேட்கும்போது இப்போதெல்லாம் 1877 ஞாபகம் வருகிறது.

மாறியதும் உண்டு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆரம்பித்த சத்துணவில் 1989-ல் முட்டை சேர்ந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு படிப்படியாகப் பள்ளி நாள் எல்லாவற்றுக்கும். அந்த முட்டை போவது நாமக்கல் பண்ணைகளிலிருந்து. கம்பங்கூழ் வாசம் வெளியே போகாமல் மறைத்த அதே மேட்டாங்காட்டில்தான் இன்றைக்குக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. டாக்டர் கார்னிஷ் வெறும் தானியம் போதாது, உடம்பு கட்டுகிற சத்து வேண்டும் என்று எழுதிச் சண்டை போட்டது நிறைவேற நூறு வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது.

தொடரை முழுக்கப் பார்த்து முடித்தோம். கடைசி எபிசோடு சண்டை இன்னும் பெரியது. மாமா பையன் விசில் அடித்தான். அம்மாயி தூங்கிவிட்டார். அடுத்து ‘மிருதன்’ போடலாம் என்று அவன் சொல்கிறான். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.